எலி காட்டிய அடையாளமும் தோட்டத்துப் பெண்ணின் பேரும்

இரத்தினபுரிப் பக்கத்தில் எலி என்ற சொல் காதில் விழுந்தவுடனே மனத்தில் எழுவது அச்சந்தான். வயலில் இறங்குகிறவர்களும், மாணிக்கக் குழிக்குள் இடுப்பளவு நீரில் நின்று மண் அரிக்கிறவர்களும், மழைக்காலம் பிறந்துவிட்டால் எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி, சுகாதாரப் பகுதியார் கொடுக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிற பிரதேசம் இது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, எலிக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒருவன் எழுதப் புகுந்தால் படிக்கிறவர்களுக்கு ஆச்சரியம் உண்டாவது இயல்பே. ஆயினும், மேல்நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளிலும் அயலிலுள்ள பாரத தேசத்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றிலும் கூண்டுக்குள் வாழ்ந்து மடிந்த சுண்டெலிகள் மனித குலத்துக்குக் கற்பித்த ஒரு பாடம், இன்று பலாங்கொடையிலும் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் ஆறாந் தரத்தில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளின் கையில் ஓர் ஊசியாக வந்து இறங்குகிறது என்பதையும், அந்தப் பாடத்தின் மறுபாதியை அவர்களுடைய தாய்மாருக்கு நாம் இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது.

அந்த அவசியத்தை உண்டாக்கியவர் ஒரு கிழவி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசி 2017ஆம் ஆண்டில் நமது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, ஆறாந் தரத்து மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடுவதென்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பின் ஒரு வருஷம், நான் கற்பித்துக்கொண்டிருந்த தோட்டப் பாடசாலையில் ஊசி போடும் நாளன்று காலையில், சம்மதக் கடிதத்தை நான்காக மடித்துப் பிடித்தபடி ஓர் அப்பாயி வாசலில் வந்து நின்றார். மகனும் மருமகளும் விடியுமுன்பே றப்பர்ப் பால் வெட்டப் போய்விட்டபடியால், பேத்திக்காக அவர் வந்திருந்தார். கடதாசி வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு மூலையில் வெற்றிலைச் சாறு பட்டுச் சிவந்திருந்தது.

“மாஸ்டர், இந்த ஊசியப் போட்டா நாளைக்குப் புள்ளைக்கு வயித்துல ஒன்னும் தங்காதுன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நெசமா?” என்று கேட்டார்.

“அப்படி ஒன்னும் இல்ல அப்பாயி. புத்துநோய் வராம இருக்கத்தான் போடுறாங்க. பயப்படாதீங்க” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எம் மவ அந்த நோயிலதான் போனா மாஸ்டர். மஹரகம ஆஸ்பத்திரியில காட்டுனப்ப எல்லாம் முத்திப் போச்சின்னுட்டாங்க. புத்து நம்ம சதையிலதானே வளருது? நம்ம சதையில எது நல்லது எது கெட்டதுன்னு ஒடம்புக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. “டொக்டர்மார் கண்டுபிடிச்சிருக்காங்க அப்பாயி” என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றிக் கடதாசியில் கைநாட்டு வைத்தார். விடையைப் பெறாமல், என்னை நம்பி அவர் வைத்த அந்தக் கைநாட்டு ஒரு கடன்சீட்டைப் போல இத்தனை வருஷமாக என் மனத்தில் இருந்துவருகிறது. எழுத்தறியாத அந்த மூதாட்டி கேட்டது சாமானியமான கேள்வியன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரிய வைத்திய விஞ்ஞானிகள் பலர் தம் ஆயுட்காலத்தைச் செலவிட்டு ஆராய்ந்த கேள்வியே அது என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன்.

அந்த ஆராய்ச்சி கோழியில் தொடங்கியது. கோழியின் கட்டியிலிருந்து எடுத்து, கலங்கள் யாவும் வடிகட்டி நீக்கப்பட்ட ஒரு சாற்றைச் செலுத்தியே வேறொரு கோழியில் கட்டியை உண்டாக்கலாம் என்று பெய்ட்டன் ரௌஸ் என்னும் அமெரிக்கர் 1911ஆம் ஆண்டில் காட்டியபோது, அதைப் பெரிதாக மதித்தவர் அநேகர் இல்லை. அதற்குரிய நொபெல் பரிசு 1966ஆம் ஆண்டில், அவருடைய முதுமையிலேயே, அவரை வந்தடைந்தது. போலந்தில் பிறந்து யுத்தத்தினால் நாடு விட்டுச் சென்று, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் முன்னாள் போர்வீரர் வைத்தியசாலையில் பணிபுரிந்த லுட்விக் கிராஸ் என்பவர், இரத்தப் புற்றுநோய் கொண்ட சுண்டெலியிலிருந்து எடுத்த வடிசாற்றைப் பிறந்தவுடனே குட்டிகளுக்குச் செலுத்தினால் அவையும் வளர்ந்தபின் அதே நோய்க்கு இரையாகின்றன என்று 1951ஆம் ஆண்டில் நிரூபித்தார். பின்னர் சாரா ஸ்டுவர்ட், பெர்னிஸ் எடி என்னும் இரு பெண் விஞ்ஞானிகளின் உழைப்பினால், சுண்டெலியின் உடலில் பலவகைக் கட்டிகளை உண்டாக்கும் பொலியோமா என்னும் வைரஸின் இயல்பு வெளிப்பட்டது. இந்த வைரஸைப் புதிதாய்ப் பிறந்த குட்டிக்குக் கொடுத்தால் கட்டிகள் முளைக்கின்றன. வளர்ந்த எலிக்குக் கொடுத்தாலோ பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. வளர்ந்த எலியின் உடலில் ஏதோ ஒரு காவல் இருக்கவேண்டும் என்ற ஊகம் அப்போதே பிறந்துவிட்டது.

அந்தக் காவலின் தன்மையை இரண்டு பரிசோதனைகள் புலப்படுத்தின. இரசாயனப் பொருளைத் தடவியோ செலுத்தியோ சுண்டெலியில் உண்டாக்கிய கட்டியை 1957ஆம் ஆண்டில் ஆராய்ந்த பிரேன், மெயின் என்னும் இருவர், ஒரு கட்டிக்கு எதிராகக் காவல் பெற்ற எலி அந்த ஒரே கட்டியைத்தான் எதிர்க்கிறது என்றும், அதே இரசாயனத்தால் வேறோர் எலியில் உண்டான கட்டியை அதனால் அடையாளம் காண முடிவதில்லை என்றும் கண்டார்கள். ஆனால், 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்ல் ஹாபெலும் ஸ்வீடனில் ஹான்ஸ் ஓலொஃப் ஷோகிரனும் தனித்தனியே பொலியோமா வைரஸைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், வைரஸை முன்பே பெற்றிருந்த எலியின் உடலில், அதே வைரஸால் அதே குலத்து வேறோர் எலியில் உண்டான கட்டியின் கலங்களை நட்டபோதும் அவை வேர்பிடிக்காமல் அழிந்தன. இரசாயனத்தால் வந்த கட்டி ஒவ்வொன்றும் தனக்கே உரிய முகத்தோடு வருகிறது. ஒரே வைரஸால் வந்த கட்டிகளோ, எந்த எலியில் வளர்ந்தாலும், ஒரே பொது அடையாளத்தை ஏந்தி வருகின்றன.

இந்த வேற்றுமை நம் தோட்டத்து லயத்துக்குள்ளேயே இருக்கிறது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிவைப்பதால் வரும் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தீர்மானமாக எழுதிவைத்திருக்கிறது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கே. அதற்குப் பொதுவான அடையாளம் இல்லாதபடியால் ஊர் முழுமைக்கும் போடத்தக்க ஊசியும் இல்லை. வெற்றிலைப் பொட்டலத்தைக் கைவிடுவதும், வாயில் வெண்படலம் தென்பட்டவுடன் காட்டுவதுமே அதற்குப் பரிகாரம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ இரண்டாவது வகை. ஏறக்குறைய முழுவதும் மனிதப் பாப்பிலோமா என்னும் வைரஸ்களால் வருவது. அதிலும், ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் அடையாளம் கண்ட 16ஆம், 18ஆம் எண் வைரஸ்கள் இரண்டே நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணமாகின்றன. எதிரிக்குப் பொது அடையாளம் இருப்பதால்தான், ஒரே ஊசியை உலகத்துப் பெண்குழந்தைகள் எல்லாருக்கும் போட முடிகிறது.

அடையாளம் இருக்கிறது என்றால், அதைக் காண்பது எது? இந்த இடத்தில்தான் ஜாக் மில்லர் என்னும் இளைஞரின் சரித்திரம் வருகிறது. லண்டனில் செஸ்டர் பீட்டி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மில்லர், கிராஸ் கண்ட இரத்தப் புற்றுநோய் சுண்டெலியின் மார்பினுள் இதயத்துக்கு மேலே கிடக்கும் தைமஸ் என்னும் சிறு சுரப்பியில் தொடங்குவது ஏன் என்று ஆராய்ந்துவந்தார். பயனற்றது என்றும், நிணநீர்க் கலங்கள் மடிந்தொழியும் மயானம் போன்றது என்றும் அக்காலத்து அறிஞர் பலர் கருதி ஒதுக்கிய சுரப்பி அது. அந்நோயின் வைரஸ் அதில் வளர்கிறதா என்று பார்ப்பதற்காக, புதிதாய்ப் பிறந்த குட்டிகளிலிருந்து அதை அவர் அகற்றியபோது, தாய்ப்பால் மறந்த பின் அக்குட்டிகளில் பல, வைரஸ் கொடுக்கப்படாதவைகூட, மெலிந்து தொற்றுகளுக்கு இரையாகி மடிந்தன. எஞ்சியவற்றின் உடலில் வேறு குலத்து எலியின் தோலை ஒட்டியபோது, அதை அந்நியம் என்று விலக்கவும் அவற்றுக்குத் தெரியவில்லை. தன்னது இது, பிறிது இது என்று பிரித்தறியும் கலங்களுக்கு அந்தச் சிறு சுரப்பியே குருகுலம் என்பதை 1961ஆம் ஆண்டில் அவர் உலகுக்கு அறிவித்தார். தைமஸின் முதலெழுத்தைக் கொண்டே அக்கலங்கள் இன்று டி கலங்கள் எனப்படுகின்றன. பொலியோமா வைரஸை இயல்பாகவே எதிர்த்து நிற்கும் குலத்துச் சுண்டெலிகளும், தைமஸ் அகற்றப்பட்டால் அதன் கட்டிகளுக்கு இரையாகின்றன என்பது பிறகு தெரியவந்தது. ஆக, அப்பாயி கேட்ட கேள்விக்கு விடையின் முதற்பகுதி இது: நல்ல சதையையும் கெட்ட சதையையும் பிரித்தறியும் கண், டி கலத்தின் கண்.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? கன்பெரா நகரில் பீட்டர் டொஹர்ட்டியும் ரொல்ஃப் சிங்கர்னாகலும் சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1996ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்ற உண்மையை, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பெண்கள் கூடையை இறக்கிவைத்தவுடன், கணக்கப்பிள்ளை அதைத் தரையில் கொட்டி ஆராய்வதில்லை; ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்து, இரண்டு இலையும் ஓர் அரும்புமாக இருக்கிறதா, முற்றிய இலையும் களையும் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த ஒரு பிடியே கூடை முழுவதற்கும் சாட்சி. நம் உடலின் கலமும் ஏறக்குறைய அப்படியே, தன்னுள் தயாராகும் புரதங்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் ஒரு பிடியைத் தன் மேற்பரப்பில் உள்ள ஏந்துபுரதங்களின் மேல் வைத்து ஓயாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. டி கலம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் செல்கிறது. தன் வீட்டுத் துண்டுகளே இருந்தால் விட்டுவிடுகிறது. வைரஸின் துண்டு ஒன்று கண்ணில் பட்டால், அந்தக் கலத்தை அழித்துவிடுகிறது. ஏந்துபுரதமும் துண்டும் சேர்ந்தே அடையாளம் ஆகின்றன என்பதும், தன் குலத்து ஏந்துபுரதத்தின் மேல் வைக்கப்பட்ட துண்டையே டி கலம் படிக்கும் என்பதுமே கன்பெராவின் கண்டுபிடிப்பு.

அந்தத் துண்டு எவ்வளவு சிறியது என்பதை அறிந்தால் வியப்புத் தாங்காது. மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் எண்ணைச் சேர்ந்த ஈ7 என்னும் புரதம், கலத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளத்தை அறுத்து அதைப் புற்றாக்குவது. அதன் நூற்றுக்குச் சற்றுக் குறைந்த அமினோ அமிலங்களில் 49ஆவது முதல் 57ஆவது வரையுள்ள ஒன்பதே ஒன்பது கொண்ட துண்டை முன்கூட்டிக் காட்டிப் பழக்கிய சுண்டெலிகள், அந்த வைரஸால் புற்றாக்கப்பட்ட கலங்களை எதிர்த்து வென்றதை ஒல்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கலம் ஒன்று, அதிலும் நுண்ணிய ஒன்பது மணிகள் கோத்த சரத்தைப் படித்து, இது பகை என்று தீர்மானிக்கிறது. சிருஷ்டியில் இதைவிட நுட்பமான நீதிபரிபாலனம் வேறு உண்டோ என்று எண்ணி எண்ணி மனம் உருகுகிறது.

இதே உண்மைக்கு நமது அண்டை நாட்டிலிருந்தும் ஒரு சாட்சி வந்தது. மும்பையின் டாட்டா நினைவுப் புற்றுநோய் நிலையத்தைச் சார்ந்து நவி மும்பையில் இயங்கும் ஆராய்ச்சி மையத்தில், மரபணுக் குறைபாட்டினால் மயிரும் தைமஸும் இல்லாமல் பிறக்கும் சுண்டெலிக் கூட்டம் ஒன்று வளர்க்கப்பட்டுவந்தது. அவற்றின் மூக்கையும் வாயையும் சுற்றி மருக்கள் முளைத்ததைக் கண்டு ஆராய்ந்தபோது, ஆய்வுகூடச் சுண்டெலியைப் பீடிக்கும் பாப்பிலோமா வைரஸ் ஒன்று முதன்முதலாகப் பிடிபட்டது. 2011ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று. அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளில், டி கலங்கள் உள்ள சாதாரணச் சுண்டெலிகளில் பல குலங்கள் அந்த வைரஸை அடக்கிவிடுவதும், அக்கலங்களை நீக்கினால் அதே குலங்களில் மருக்கள் முளைப்பதும் காணப்பட்டன. மனிதரிடத்திலும் அப்படியே. பாப்பிலோமா வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலாரின் உடல், ஒன்றிரண்டு வருஷங்களுக்குள் அதைத் தானாகவே துடைத்துவிடுகிறது. டி கலங்களைத் தின்னும் எச்.ஐ.வி. தொற்றிய பெண்களுக்கோ, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் அபாயம் ஏனையோரைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

அப்படியானால் அப்பாயியின் மகள் ஏன் மாண்டாள் என்று கேட்கத் தோன்றும். இந்த வைரஸ் மிகவும் தந்திரமானது. இரத்தத்தில் இறங்காமல், கலத்தை உடைத்து ஆரவாரம் செய்யாமல், மேல்தோலின் அடுக்குகளுக்குள்ளேயே ஒதுங்கி வாழ்கிறது. போதாக்குறைக்கு, மேற்பரப்பில் துண்டை ஏந்தி நீட்டும் புரதத்தையே குறைத்துவிடுகிறது. பிடி அள்ளிக் காட்டாத கூடையைக் கணக்கப்பிள்ளை எப்படி மதிப்பிடுவார்? இவ்வாறு மறைந்து பதினைந்து இருபது வருஷங்கள் தங்கிவிடும் வைரஸ், சிலரிடத்தில் புற்றாக முதிர்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் வந்தது. 3 இலட்சத்து 50 ஆயிரம் பெண்கள் உயிர் நீத்தார்கள். காக்கத்தக்க உயிர்கள் இவை என்பதை நினைக்கும்போது, அந்த எண்ணிக்கையின் பாரம் இன்னும் கூடுகிறது.

ஊசி செய்வது, வைரஸ் உள்ளே குடியேறுமுன் வாசலிலேயே தடுப்பது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும், சீனத்தில் பிறந்த ஜியான் சோவும் 1991ஆம் ஆண்டில், வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் தானாகவே கூடி, உள்ளே மரபணு எதுவும் இல்லாத வெற்றுக்கூடாக அமைவதைக் கண்டார்கள். அந்த வெற்றுக்கூடே 2006ஆம் ஆண்டில் ஊசியாக வெளிவந்தது. உள்ளே உயிர்த்தத்துவம் இல்லாத கூடு நோயை உண்டாக்காது. கருப்பையையும் ஒன்றும் செய்யாது. அதைக் கண்டு உடல் பிறபொருளெதிரிகளைச் சுரந்து ஆயத்தமாக இருக்கிறது. அந்தச் சுரப்புக்கும் டி கலத்தின் துணை வேண்டும் என்பதை, அதே மில்லர் மெல்பேர்னுக்குச் சென்று கிரகம் மிச்செலுடன் 1968ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு நிரூபித்திருந்தார். இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒரு சுண்டெலியில் தொடங்கிய ஆராய்ச்சி, இப்படிச் சுற்றி வந்து நம் பாடசாலை மண்டபத்தில் வரிசையாக நிற்கும் பெண்பிள்ளையின் கையில் முடிகிறது. பலனையும் கண்ணாரக் கண்டாயிற்று: 12, 13 வயதில் ஊசியை முழுமையாகப் பெற்ற ஸ்கொட்லாந்துப் பெண்களிடையே இந்நோய் ஒருவருக்கும் காணப்படவில்லை என்று 2024ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று.

இனி, நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். பேத்திக்கு ஊசி வந்துவிட்டது. தாய்க்கு என்ன வந்தது? ஏற்கெனவே உள்ளே புகுந்து ஒளிந்துகொண்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது. டி கலத்தின் கண்ணுக்குத் தப்பியதை மனிதக் கண்ணால்தான் தேடவேண்டும். அதற்கென்றே இந்நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல், சிங்களத்தில் சுவநாரி என்றும் உத்தியோகத்தர் வாயில் வெல் வுமன் கிளினிக் என்றும் வழங்கும் மகளிர் கிளினிக்குகள் நடந்துவருகின்றன. முப்பத்தைந்து வயதடைந்த பெண்ணின் கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனைக்குப் பிடிக்கும் நேரம் சில நிமிஷங்கள், செலவு ஒன்றுமில்லை. புற்றாக முதிர்வதற்குப் பல வருஷம் முன்பே மாறுதலைக் கண்டு, எளிய சிகிச்சையால் நீக்கிவிடலாம். அப்படியிருந்தும், முற்றிய பின்பே தெரியவரும் நோயாக அது தோட்டத்தில் ஏன் இருந்துவருகிறது?

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், செக்றோல் என்னும் பதிவேட்டில் பேர் போட்டு, மலையில் நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி. குறைந்தால் அரைப் பேர். றப்பர்த் தோட்டத்திலோ, வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி முடித்து, சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் சேகரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அந்தப் பெண்ணின் காலை அவளுடையதன்று. கிளினிக்கோ காலையில்தான் நடக்கிறது. போனால் அன்றைய பேர் போய்விடும். நோவு இல்லாத ஓர் உடம்பைக் காட்டுவதற்காக, அடுப்பு எரியவேண்டிய ஒரு நாட்கூலியை எந்த ஏழைத் தாய் விட்டுக்கொடுப்பாள்? அவளை அறியாதவள் என்று சொல்லிக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. அவள் போட்டுப் பார்க்கும் கணக்குச் சரியானது, அவளுக்கு முன் வைக்கப்பட்ட கணக்குத்தான் பிழையானது.

இரண்டாவது தடை பாஷை. மத்திய மலைநாட்டைப் போலன்றி, நமது சப்ரகமுவ மாகாணத்தில் தோட்டத் தமிழ் மக்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகச் சிதறி வாழ்கிறார்கள். குடும்ப நல உத்தியோகத்தராக மலையேறி வரும் பெண்மணிகளில் பலர் அன்பும் சிரத்தையும் உள்ளவர்களே. ஆனால், கடையில் பேசுமளவுக்குச் சிங்களம் அறிந்த ஒரு பெண், தன் அந்தரங்க உறுப்பில் உண்டான இரத்தப்போக்கை அந்தப் பாஷையில் எப்படி எடுத்துச் சொல்லுவாள்? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை முடிந்து வந்த கடிதம் தனிச்சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல அவள் ஓர் ஆண்பிள்ளையிடம் கொண்டுபோக வெட்கப்பட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். மீண்டும் வரும்படி அழைத்த கடிதம் அது என்பது மாதங்கள் கழித்தே தெரிந்தது. உடலுக்குள் ஒரு கலம் தன் அடையாளத்தை நீட்டியும் அதைப் படிக்க வல்ல கண் அருகில் இல்லாவிட்டால் நேர்வது எதுவோ, அதுவே அந்தப் பெண்ணுக்கும் நேர்ந்தது.

ஆகையால் நான் வேண்டுவது இவை. கிளினிக்குக்குப் போகும் நாளைத் தோட்ட நிர்வாகங்கள் முழுப் பேர் உள்ள வேலைநாளாகக் கணக்கிட வேண்டும். முப்பத்தைந்து வயதில் ஒரு நாள், நாற்பத்தைந்தில் ஒரு நாள் என்று, ஒரு பெண்ணின் உழைப்புக் காலம் முழுவதற்கும் இரண்டு நாள்தான் கேட்கிறேன். விலை சரிந்தது, செலவு கூடிற்று என்று கம்பெனிகள் சொல்லும் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வயதில் படுக்கையில் விழும் ஒரு தொழிலாளியால் தோட்டத்துக்கு நேரும் நஷ்டம், அந்த இரண்டு நாட் கூலியைவிட எத்தனையோ மடங்கு என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகமே சொல்லும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் கிளினிக்கைப் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் வைக்காமல், மாதத்தில் ஒரு நாளாவது தோட்டத்து மருந்துக்காம்பராவுக்கோ பிள்ளை மடுவத்துக்கோ கொண்டுவரவேண்டும். அன்றைக்கே ஆண் பெண் எல்லாருடைய வாயையும் திறந்து பார்த்துவிடலாம். முடிவு தெரிவிக்கும் கடிதம் தமிழிலும் இருக்கவேண்டும். அது அரசியலமைப்பில் உள்ள உரிமை, யாரும் இரங்கித் தரும் சலுகையன்று. எங்கள் பிள்ளைகளில் உயர்தரம் படித்து வீட்டில் இருக்கும் பெண்கள் அநேகர். அவர்களைக் குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டால் பாஷைத் தடை ஒரு தலைமுறையில் நீங்கும்.

பாடசாலைகளில் இருக்கும் என் சகோதர ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி போட்ட நாளன்று வராத பிள்ளையின் பெயரை ஒரு கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவள், வதந்திக்குப் பயந்து மறித்துவைக்கப்பட்டவள், வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தவள் என்று நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அந்த நாலைந்து பேரே ஊசி அதிகம் தேவைப்படுகிறவர்கள். சம்மதக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்புமுன், தாய்மாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, கொழுந்துக் கூடையை முன்னால் வைத்து, டி கலத்தின் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்காது என்று நினைக்காதீர்கள். எழுத்தறியாத ஓர் அப்பாயி என்னிடம் கேட்ட கேள்வியே, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அந்த அப்பாயி இன்று இல்லை. பேத்தி இரண்டு ஊசியும் பெற்று, இப்போது சாதாரணதரம் எழுதிவிட்டாள். அவளுடைய தாய் இந்த வருஷம் முப்பத்தைந்தை எட்டுகிறாள். இன்றைக்கும் விடியுமுன்பே கத்தியை எடுத்துக்கொண்டு றப்பர் மலைக்குப் போகிறாள். அப்பாயிக்குத் தரவேண்டிய விடையை, காலந்தாழ்ந்தேனும், இங்கே எழுதிவிட்டேன். மருமகளுக்குத் தரவேண்டியது மிச்சம் இருக்கிறது. அவள் கிளினிக்குக்குப் போய்வரும் அந்த ஒரு காலைக்கும், செக்றோலில் அவள் பெயருக்கு நேரே முழுப் பேர் விழட்டும்.